புயலோதமா, கடலேற்றமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கடலோரப் பள்ளிகளுக்கான பேரிடர்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புயல் கரையை நெருங்குகையில் கடல்நீர் திரண்டு உயர்ந்து ஊருக்குள் புகுகிறதே, அதற்கான சொல் மட்டும் நம் குழுவில் இன்னும் முடிவாகவில்லை.

‘புயல் அலை’ வேண்டாம் என்பதில் நமக்குள் வேறுபாடில்லை. அலை வந்து திரும்பும். இதுவோ மணிக்கணக்கில் நிற்கும் நீர். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். 60 மில்லிபார் சரிந்தாலும் முழங்காலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மீதியெல்லாம் காற்று தள்ளிக் குவிப்பது. ஆழமற்ற கடலில் அந்த நீர் அடியில் திரும்பிப் போக இடமின்றிக் கரைமேல் ஏறுகிறது. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையில் 3 லட்சம் பேர் மாண்டதற்குக் காற்றைவிட இந்த நீரே காரணம்.

ஐயா முன்வைத்த ‘புயலோதம்’ இலக்கணப்படி குறையற்றது, கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதைக் குறிக்கும் ஓதமும் பழஞ்சொல்லே. ஆனால் மீனவப் பிள்ளைகள் பிறை பார்த்து ஓதத்தைக் கணிப்பார்கள். இதை அப்படிக் கணிக்க முடியாது. மேலும், ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் புயல் கரை கடந்தால் இரண்டும் கூடி நீர் இன்னும் உயரும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. அதை விளக்க இரண்டு தனிச்சொற்கள் வேண்டும்.

‘புயலென்னும் வாரி’ என்ற குறளில் புயல் மழையைக் குறிப்பதால் அச்சொல்லையே விலக்கிச் ‘சூறையோதம்’ என்க என்பது மற்றொரு கருத்து. சொல்வரலாறு சரி. வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்டு வளர்ந்தவர்களிடமிருந்து அச்சொல்லைப் பிடுங்குவது சரியன்று.

ராமேசுவரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் 1964 டிசம்பர் 22 இரவைப் பற்றிக் கேட்டேன். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்ட இரவு அது. அவர் அலை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று கையால் தொட்டுக்காட்டி, “கடல் ஏறிருச்சு” என்றார்.

ஆகவே ‘கடலேற்றம்’ என்கிறேன். புவி வெப்பமாதலால் கடல்மட்டம் உயர்வதோடு இது குழம்பும் என்ற அம்மாவின் மறுப்பு நியாயமானது. ‘புயற்கடலேற்றம்’ என்றால் குழப்பம் தீரும்; நாவில் புரளாது. தலைப்பில் நெடுஞ்சொல்லும் உள்ளே குறுஞ்சொல்லுமாக அச்சுக்குக் கொடுக்கிறேன். ஐந்து பேர் இசைந்திருக்கிறீர்கள். ஐயா இன்னும் இசையவில்லை. அவருடைய மறுப்பை மறுபதிப்புக்கு முன் மீண்டும் எடுப்போம்.