பஞ்சப்பள்ளி அணையில் யானை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எனக்கு மாரண்டஅள்ளி பக்கம். சின்னாறு அணைக்கு வண்டியில் போக அரை மணி நேரம்கூட ஆகாது. தளி பக்கத்துக் காடுகளில் இருந்து வரும் சின்னாறு பஞ்சப்பள்ளியில் தேங்கி நிற்கிறது. அப்புறம் ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. தருமபுரி டவுனுக்கு இங்கிருந்து குடிதண்ணீர் போகிறது. யானைகளுக்கும் இதுதான் குடிதண்ணீர்.

போன சித்திரையில் அணை நன்றாக வற்றிக் கிடந்தது. மாமாவும் நானும் மீன் வாங்கப் போயிருந்தோம். பரிசல்காரர் வலையில் விழுந்த ஜிலேபி மீனை உதறிக்கொண்டிருந்தார். சட்டென்று கையை நிறுத்தி, "சத்தம் போடாதே தம்பி, சாமி வருது" என்றார்.

எதிர்க்கரையில் ஏழு யானைகள். முன்னால் வந்த கிழட்டுப் பெண் யானை உடனே தண்ணீருக்கு இறங்கவில்லை. துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் காற்றை மோந்துகொண்டே நின்றது. நாங்கள் மூச்சுகூட விடவில்லை. அது அடி எடுத்து வைத்த பிறகுதான் மற்றவை நகர்ந்தன.

கடைசியில் ஒரு குட்டி. கரைச் சேறு மேலே வெடித்துக் காய்ந்திருந்தாலும் உள்ளே களி மாதிரி கொழகொழவென்று இருக்கும். குட்டியின் முன்னங்கால் இரண்டும் முட்டி வரை புதைந்துவிட்டன. தாய் பின்னால் வந்து நெற்றியால் மெதுவாகத் தள்ளியது. இன்னொரு யானை வயிற்றுக்கு அடியில் துதிக்கையைக் கொடுத்துத் தூக்கியது. வெளியே வந்ததும் குட்டி நேராகத் தண்ணீருக்குப் போய், முன்னங்காலை மடக்கி, வாயாலேயே குடித்தது. துதிக்கையில் உறிஞ்சிக் குடிக்கப் பழக குட்டிகளுக்குச் சில மாதங்கள் ஆகுமாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். ஒவ்வொரு கால்தடத்திலும் தண்ணீர் ஊறி நின்றது. ஒரு தடத்தின் ஈர விளிம்பில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு ஒட்டிக்கொண்டு உப்பு உறிஞ்சின. அதற்கு ஒரு முழம் தள்ளி உடைந்த பீர் பாட்டில். யானையின் உள்ளங்கால் மெத்தை மாதிரி. கண்ணாடி கிழித்தால் அது எங்கே போய் வைத்தியம் பார்க்கும்? அன்றைக்கே ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினேன்.

2023 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பக்கத்து வயலில் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றன. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் முதலில் குட்டியைத்தான் எண்ணுகிறேன். நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து:

தம்பி, நான் பல வருஷம் பம்ப் ஹவுஸில் ராத்திரி டூட்டி பார்த்தவன். ஒரு நாள் கரண்ட் போய் மோட்டார் நின்றது. அந்த அமைதியில் சுவருக்கு வெளியே இடி உருளுவது மாதிரி ஒரு சத்தம். யானையின் உறுமல். ஒருமணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. விடிந்து பார்த்தால் என் தலைக்கு மேலே சுவரில் சேறு அப்பியிருக்கிறது, முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. வாசலில் கிடந்த சாணத்தில் ராகி உமியும் புளியங்கொட்டையும்.

டவுனில் சில பேர் "யானை இறங்கின தண்ணியையா குடிக்கிறோம்" என்று முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லணும். யானை கலக்குவது சேறு. அது படிகாரம் போட்டால் அடியில் தங்கும், மிச்சம் மணலில் வடியும், அப்புறம் குளோரின் இருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு கண்ணுக்கும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அதைக் குடித்து வளர்ந்த என் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. என் அம்மா கடைசி வரை முதுகு நிமிர்த்தி நடக்கவில்லை. 2013இல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு பிறந்த என் பேத்திக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது. அந்தக் காவிரியும் யானை குடிக்கிற ஆறுதான். 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தபோது எனக்குக் காட்டை மட்டும் காப்பதாகத் தோன்றவில்லை, எங்கள் வீட்டுக் குடத்தையும் காப்பதாகத்தான் பட்டது.

ஓசூரிலிருந்து:

அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கெலவரப்பள்ளி அணையில் யானை கலக்கியா நுரை பொங்குகிறது? தென்பெண்ணையில் மேலே கழிவு கலந்து வருகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெள்ளைப் போர்வை விரித்த மாதிரி நுரை நிற்கும், நாற்றம் தாங்காது. அதன் நடுவில் கல்லின் மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்ததைப் பார்த்தேன். இறக்கை ஓரத்தில் நுரை ஒட்டியிருந்தது. உதறிப் பார்த்தது, போகவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

மாரண்டஅள்ளியிலிருந்து மறுபடியும்:

அக்கா, படிக்கும்போது எனக்கும் கஷ்டமாக இருந்தது. பாலக்கோடு அண்ணா, வர ஞாயிறு நாங்கள் நாலு பேர் பாட்டில் பொறுக்கப் போகிறோம், முடிந்தால் நீங்களும் வாருங்கள். சாக்கு நான் கொண்டு வருகிறேன், கெட்டியான கையுறை மட்டும் வேண்டும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து, மூன்று மணிக்கெல்லாம் கரையைக் காலி செய்துவிடலாம். அதற்கப்புறம் யானைகள் வரும் நேரம்.