கிட்ட வந்த பிளைட்டை சுத்த விட்டுட்டு தூரத்துல வர்றதை முதல்ல இறக்குறாங்களே, ஏன்?

வானம்பாடி22:
ரொம்ப நாளா ஒரு டவுட்டு. டிராக்கிங் ஆப்ல பிளைட் பார்க்குறது என் பொழுதுபோக்கு. அடிக்கடி நடக்குறது என்னன்னா, ஒண்ணு ஏர்போர்ட் பக்கத்துலயே வந்துடுது, இன்னொண்ணு 25 மைல் தள்ளி வருது, ஆனா கிட்ட இருக்குறதை அந்தப் பக்கம் அனுப்பி சுத்த விட்டுட்டு தூரத்துல வர்றதை நேரா இறக்கிடுறாங்க. முதல்ல வந்தவங்களுக்கு தானே முதல் இடம்? பெரிய ஏர்லைனுக்கு சலுகை ஏதாச்சும் இருக்கா? "நான் தான் முன்னாடி வந்தேன்"னு பைலட் ரேடியோல சண்டை போட முடியுமா?

ராடார்_ராசா:
அப்ரோச் ராடார்ல, அதாவது இறங்க வர்ற பிளைட்டுங்களை வரிசைப்படுத்துற இடத்துல, கன்ட்ரோலரா வேலை பார்த்தவன், கொஞ்சம் நீளமா தான் வரும், பொறுத்துக்கோங்க. ஏர்லைன் பேரைப் பார்த்து யாரும் இறக்குறதில்ல, அதை முதல்ல விட்டுடுங்க. மேப்ல எது கிட்ட இருக்குன்னும் பார்க்க மாட்டோம், ரன்வே முனைக்கு வந்து சேர இன்னும் எத்தனை மைல் பறக்கணும்ங்கிறது தான் கணக்கு. மேற்கு பார்த்து இறங்குற நாள்னு வைங்க, மேற்குல இருந்து வர்றவர் ஏர்போர்ட்டைத் தாண்டி கிழக்க போய் யூ டர்ன் அடிச்சு வரணும், அவருக்கு இன்னும் 30 மைல் பாக்கி. கிழக்குல 25 மைல்ல இருக்குறவர் அப்படியே நேரா வந்துடுவார். அப்ப யாரு முன்னாடி?

அடுத்தது இடைவெளி, இங்க தான் வேலையே இருக்கு. சாதாரணமா ராடார்ல 3 மைல் விட்டா போதும் (எல்லாமே கடல் மைல்). ஆனா முன்னாடி போறது 136 டன் இல்ல அதுக்கு மேல உள்ள ஹெவின்னா அதோட றெக்கை நுனியில கிளம்புற காத்துச் சுழி பின்னாடி வர்றதைப் புரட்டிப் போட்டுடும், அதனால ஹெவிக்குப் பின்னாடி ஏ320 மாதிரி மீடியம் வந்தா 5 மைல், குட்டி விமானம்னா 6 மைல், இன்னொரு ஹெவின்னா 4 மைல். இப்ப ஹெவி, மீடியம், ஹெவி, மீடியம்னு நாலு பேர் வர்றாங்க, 5 பிளஸ் 3 பிளஸ் 5, மொத்தம் 13 மைல். அதையே ரெண்டு மீடியத்தை முன்னாடி விட்டு ரெண்டு ஹெவியை பின்னாடி சேர்த்துட்டா 3, 3, 4, பத்தே மைல்ல முடிஞ்சுது. மிச்சமான 3 மைல்ல இன்னொருத்தரை நுழைச்சுடலாம். அதுக்காக யாரையும் ரொம்ப நேரம் காக்க வைக்க மாட்டோம், ஒரு இடம் ரெண்டு இடம் மாத்துறதோட சரி.

நைட்_கேப்டன்:
சண்டை போடவா? கடைசி 20 மைல்ல அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க. வரிசையைப் போடுறது கன்ட்ரோலர், ஆனா அது நடக்குறது எங்க கையில இருக்கு. "ரன்வேக்கு 4 மைல் வரைக்கும் 160 நாட்ஸ் (மணிக்கு 160 கடல் மைல் வேகம்) பிடிங்க"ன்னு சொல்வாங்க. நான் அவசரப்பட்டு சீக்கிரமே 140க்கு இறக்கிட்டா மூணு நிமிஷத்துக்கு ஒரு மைல் வீதம் பின்னாடி வர்றவர் என்னை நெருங்கிடுவார், அப்புறம் அவர் இறங்க முடியாம மறுபடி மேல ஏறணும், அவர் பயணிங்க திட்டுறது எனக்கு கேக்கவே கேக்காது. முடியலன்னா "அனேபிள்"னு ஒரே வார்த்தை, அதையும் சீக்கிரம் சொல்லணும். உயரத்துல இருக்கும்போது சடசடன்னு இறங்கு, வேகத்தையும் குறைன்னா ஜெட்டுக்கு ரெண்டும் சேர்ந்து வராது. வாயை மூடிட்டு முயற்சி பண்ணி கடைசியில சொதப்புறவங்களை விட அப்பவே முடியாதுங்கிறவரைத் தான் கன்ட்ரோலருக்குப் பிடிக்கும், ராசா சொல்லட்டும் பார்ப்போம்.

ராடார்_ராசா:
நூத்துக்கு நூறு.

சிம்_பைத்தியம்:
நான் வீட்ல சிமுலேட்டர் ஓட்டுற ஆளு தான், ஆனா லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட் கதை இதுல சேர்த்தி. அங்க நாலு இடத்துல ஸ்டாக், அதாவது காத்திருந்து சுத்துற இடம், வச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் பிளைட்டுங்க 1000 அடி இடைவெளியில ஒண்ணுக்கு மேல ஒண்ணா சுத்திட்டு இருக்கும், கீழ இருக்குறது கிளம்பினதும் மத்ததெல்லாம் ஒரு படி இறங்கும். நாலுல இருந்தும் மாத்தி மாத்தி எடுக்குறதால, கூட்டமில்லாத ஸ்டாக்குக்கு லேட்டா வந்தவர் முன்னாடி இறங்கிடுவார். இப்பல்லாம் சில நூறு மைல் தள்ளியே வேகத்தைக் குறைக்கச் சொல்லி சுத்துற நேரத்தையே கம்மி பண்றாங்க.

வானம்பாடி22:
சுத்தும்போது எரிபொருள் தீர்ந்துட்டா?

நைட்_கேப்டன்:
தீர விடவே கூடாது, சொல்லிடணும். அதுல ரெண்டு கட்டம் இருக்கு. "மினிமம் ஃப்யூயல்"னா இனிமே கூடுதல் தாமதம் தாங்காதுன்னு எச்சரிக்கை மட்டும் தான், அதுக்கு முன்னுரிமை கிடையாது. "மேடே ஃப்யூயல்"னு சொன்னா தான் எல்லாரையும் ஒதுக்கிட்டு வழி விடுவாங்க. 1990 ஜனவரில அவியான்கா 52ங்கிற பயணிகள் பிளைட் நியூயார்க் பக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருந்துச்சு, எரிபொருள் தீருதுன்னு ரேடியோல சொன்னாங்க, ஆனா எமர்ஜென்சின்னு அறிவிக்கவே இல்ல, கன்ட்ரோலருங்களும் அதை சாதாரணமா எடுத்துக்கிட்டு வரிசையிலேயே வச்சுட்டாங்க. முதல் தடவை இறங்க முடியாம மேல ஏறி ரெண்டாவது தடவைக்கு திரும்பும்போது இன்ஜின் எல்லாம் நின்னு 73 பேர் போயிட்டாங்க. தயக்கமே இல்லாம அந்த வார்த்தையைச் சொல்லுன்னு இன்னிக்கும் டிரெய்னிங்ல இதைக் காட்டித் தான் சொல்லிக் குடுப்பாங்க.

வானம்பாடி22:
கேக்கவே பதறுது. கடைசியா ஒண்ணு, அப்படி மறுபடி மேல ஏறுனவர் வரிசையில கடைசிக்குப் போயிடுவாரா?

ராடார்_ராசா:
இல்ல. ஏன் ஏறுனார், எவ்ளோ எரிபொருள் இருக்குன்னு கேப்போம், பிரச்சினை இல்லன்னா வர்ற வரிசையில எங்க சந்து கிடைக்குதோ, இல்ல ஒருத்தர் ரெண்டு பேரை மெதுவாக்கி சந்தை உண்டாக்கி, அதுல சொருகுவோம். கூட்டம் இல்லன்னா ஒரு சுத்துல வந்துடுவார், பீக் நேரம்னா இன்னும் கொஞ்சம் தூரம் போய்த் தான் திரும்பணும்.