ஏற்காட்டு மனைப்பிரிவில் செப்டிக் டேங்க் நைட்ரேட்: ஆலோசனை தேவை

குழுவிலுள்ள நிலத்தடி நீர் வல்லுநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காட்டில், முன்பு காபித் தோட்டமாக இருந்த ஒரு சரிவில் அமையவுள்ள 24 வீட்டு மனைப்பிரிவின் செப்டிக் டேங்குகளிலிருந்து உறிஞ்சுகுழி வழியே இறங்கும் கழிவுநீர், கீழேயுள்ள கிணறுகளை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்று மதிப்பிட்டு வருகிறேன். டேங்கை விட்டு வெளியேறும்போது பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும் நைட்ரஜன், காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடுகிறது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ன்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

வழக்கமான நிறைச்சமன் கணக்கு, ஆண்டு நைட்ரஜனை மழைநீர் ஊறலோடு சீராகக் கலந்து ஒரு சராசரியைத் தருகிறது. ஆனால் இங்கே நீர் சார்னோகைட் என்னும் கடினப்பாறையின் வெடிப்புகளில் ஓடுகிறது. மேல்மண் சில இடங்களில் ஒரு முழம்கூட இல்லை. சரிவின் அடியில் ஊரார் குடிக்க எடுக்கும் கிணறு ஒன்று இருக்கிறது; சராசரி சரியாக வந்து அந்தக் கிணறு கெட்டால், அறிக்கையால் யாருக்கும் பயனில்லை.

இத்தகைய மெல்லிய மண்ணில் நைட்ரேட் நீக்கத்துக்கு (மண் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுவதற்கு) எத்தனை விழுக்காடு கழிக்கலாம்? (இப்போதைக்குச் சுழியம் என்றே வைத்திருக்கிறேன், மனை உரிமையாளருக்கு இதில் வருத்தம்தான்.) தோட்டத்துப் பழைய உரத்தின் நைட்ரேட்டைக் கழிவுநீரின் நைட்ரேட்டிலிருந்து பிரித்தறிய நைட்ரேட்-குளோரைடு விகிதம் போதுமா, ஐசோடோப்பு ஆய்வும் வேண்டுமா? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க எண்ணியுள்ளேன். நீரின் தரத்தைக் கண்காணிக்கும் நோக்குக் கிணறுகளைச் சரிவின் போக்கில் அமைப்பதா, வெடிப்புகளின் திசையிலா என்பதையும் கடினப்பாறைப் பகுதியில் பணியாற்றியவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.