மரத்திலேயே மருந்து இருக்க, தெளிப்பு எதற்கு?

மண்புழு: பழ மரங்களுக்குத் தம்மைக் காத்துக்கொள்ளத் தெரியும். செர்ரி, பீச் இலைகளில் சயனைடு சர்க்கரையோடு பிணைந்து செல்லின் ஓர் அறையில் கிடக்கும். அதைப் பிரிக்கும் நொதி வேறிடத்தில் இருக்கும். புழு மெல்லும்போதுதான் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வரும். இப்படி ஓர் ஏற்பாடு இருக்க, எடுத்தவுடன் பூச்சிமருந்துத் தெளிப்பானைத் தூக்குவது ஏன்?

தொரட்டி: அப்படியென்றால் செர்ரியில் புழுவே இருக்கக் கூடாதே! வட அமெரிக்காவில் கூடு பின்னி வாழும் ஒரு கம்பளிப்புழு காட்டுச் செர்ரி இலையைத்தான் தேடித் தின்கிறது. எறும்பு கடிக்க வந்தால் அந்த இலைச்சாற்றையே கக்கி விரட்டுகிறது. ஆப்பிளைத் துளைக்கும் புழுவும் அப்படித்தான், காயிலிருந்து வரும் ஆல்ஃபா ஃபார்னசீன் வாசனையை வைத்தே காயைக் கண்டுபிடிக்கிறது.

மண்புழு: நீங்கள் சொல்வது பூட்டை உடைக்கப் பழகிய சில பூச்சிகளை. உடைக்க முடியாமல் போனவை நம் கண்ணில் படுவதே இல்லை. பப்பாளி இலையை ஈரி பட்டுப்புழுவுக்குக் கொடுத்தால் செத்துவிடும். இலையில் வடியும் பாலைக் கழுவிவிட்டு அதே இலையைக் கொடுத்தால் தின்று வளரும். பாலில் இருக்கும் பப்பேயின் நொதிதான் முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள்.

தொரட்டி: சரி, இலைக்கு ஒத்துக்கொள்கிறேன். நாம் விற்பது பழத்தை அல்லவா? ஆரஞ்சுத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பழ ஈயின் முட்டையையும் புழுவையும் கொல்லும், ஆனால் பழம் முற்றித் தோல் தளர்ந்ததும் அந்த வலு குறைந்துவிடும். பாதாமில் நாமே கசப்பு வேண்டாமென்று சயனைடு தரும் அமிக்டலின் என்ற கசப்புப் பொருள் குறைந்த மரங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். காவலை நாமே எடுத்துவிட்டு, மரம் பார்த்துக்கொள்ளும் என்றால் எப்படி?

வேலியோரம்: ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். சிலந்திப்பேன் தாக்கிய ஆப்பிள் இலை ஒரு வாசனை விடும், அதை வைத்து, சிலந்திப்பேனைத் தின்னும் இரைதின்னிப் பேன்கள் வந்து சேரும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டங்களில் அந்த இரைதின்னிகள் செத்து, சிலந்திப்பேன் பெருகியது. மரம் கூப்பிட்டாலும் வர ஆள் இல்லை.

தொரட்டி: அது கண்டதையும் கொல்லும் மருந்தின் குற்றம். பழ ஈக்கு, மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருளை வைத்துப் பொறி கட்டினால் ஆண் ஈக்கள் மட்டும்தான் மாட்டும்.

மண்புழு: பொறிக்கு நான் எதிரி இல்லை. மெத்தில் யூஜினாலும் செடிகளில் இருக்கும் பொருள்தான். காய் முற்றும் முன்பே பொறியைக் கட்டுங்கள், தெளிப்பானை அப்புறம் பார்க்கலாம்.