கில்ட்டுக்கு எந்தக் கைத்தடி? பட்டவர்கள் சொல்லுங்கள்

நெஸ்கரை

மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தக் கிழவர் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம், கூட வேலை பார்ப்பவரின் கல்யாண விருந்து. மாலை ஆறு மணி, இன்வர்னஸ் பக்கம் ஒரு ஹோட்டல், எல்லோரும் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் உடையில் வர வேண்டும். வாடகைக் கடையிலிருந்து எல்லாம் ஒரே பையில் வந்தது: பிளாக் வாட்ச் என்கிற கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை, அதாவது கில்ட், பிரின்ஸ் சார்லி கோட்டு, இடுப்புக்கு முன்னால் தொங்கும் ரோமம் வைத்த பை ஸ்போரன், கணுக்காலில் கயிறு சுற்றிக் கட்டும் கில்லி புரோக் ஷூ. தடி மட்டும் இல்லை. கையில் இருந்தது ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியத் தடி, பொத்தானை அழுத்தி நீட்டுவது. எட்டு கஜம் கம்பளிக்குப் பக்கத்தில் அது பட்டு வேட்டிக்கு ஹவாய் செருப்பு போட்ட மாதிரி இருந்தது.

சரி, செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று ஒரு குரோமக் வாங்கினேன். உங்களுக்குத்தான் தெரியுமே, ஆடு மேய்ப்பவர் தடி, மார்பு உயரம், ஹேசல் மரக் கம்பு, உச்சியில் செம்மறிக் கடாவின் கொம்பை வளைத்த பிடி. கடைக் கண்ணாடியில் பார்த்தபோது ஏதோ குலத் தலைவன் மாதிரித்தான் இருந்தேன்.

விருந்து மண்டப வாசலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கில்ட், அவருக்கும் தடி. ஆனால் அது ஒல்லியாக, கறுப்பாக, கழுத்தில் ஒரு வெள்ளி வளையத்தோடு முழங்காலில் சாய்ந்திருந்தது. என்னைக் கீழிருந்து மேலே பார்த்தார். குரோமக்கின் உச்சி வரை பார்த்தார். ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "ஆடெல்லாம் எங்கே விட்டுட்டு வந்தீங்க டாக்டர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் சாப்பாட்டு மேசையில் அதை எங்கே சாய்ப்பது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கோவன் அண்ணை

டாக்டர் தம்பி, உமக்கு ஆடு, எனக்கு நாடு. மகளின் பட்டமளிப்புக்குக் கில்ட் கட்டிக்கொண்டு போனேன். தடி பிளாக்தார்ன். முள் வெட்டின கணுக்கள் அப்படியே தெரிய, மேலே வேர்க்குமிழ் பிடி, நல்ல கறுப்பு மெருகு. எனக்கு அது சரியான வடிவாகத்தான் பட்டது. வரிசையில் பக்கத்தில் நின்றவர் தடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "அயர்லாந்தோ?" என்றார்.

"இல்லை, யாழ்ப்பாணம்" என்றேன்.

மனுசி இப்பவும் வாறவை போறவைக்கெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறா. பிளாக்தார்ன் என்றால் ஐரிஷ்காரரின் தடி என்று பிறகுதான் விளங்கியது.

கருங்கல் ஊர்

கோவன் அண்ணே, அப்படி ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளாக்தார்ன் இங்கே அபர்தீன்ஷயர் வேலி ஓரமெல்லாம் முளைக்கிறது. குண்டாந்தடி மாதிரி செதுக்கி ஷிலேலி என்று பெயர் வைத்தது அயர்லாந்து, செடி அவர்கள் சொத்து இல்லை. கேட்டவருக்குத்தான் விவரம் போதாது.

டாக்டர் சார் தப்பு செய்தது தடியில் இல்லை, மணியில். குரோமக் பகலுக்கு, திறந்தவெளிக்கு. டுவீட் என்கிற முரட்டுக் கம்பளிக் கோட்டு, தோல் ஸ்போரன், காலடியில் புல். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமார் ஊரில் நடக்கும் ஹைலேண்ட் விளையாட்டுக்குப் போனால் மன்னர் சார்லஸே கில்ட்டில் உயரத் தடியோடு நிற்பதைப் பார்க்கலாம், அங்கே யாரும் ஆட்டைத் தேட மாட்டார்கள். பிரின்ஸ் சார்லி என்பது சாட்டின் மடிப்பும் போ-டையும் உள்ள இரவுக் கோட்டு. அதற்கு ஒன்று தடியே வேண்டாம், இல்லை கால் சரியில்லை என்றால் அந்தக் கிழவர் வைத்திருந்ததுதான்.

என் அனுபவம் சின்னது. சர்ச் படியில் தடி நழுவி விழுந்தது. கில்ட்டோடு குனிந்து எடுக்க முடியாது (உள்ளே என்ன போடவில்லை என்று உங்களுக்கே தெரியும்), கால்களைச் சேர்த்து நேராகக் குத்தவைத்து எடுக்கலாம் என்றால் முட்டி மடங்காது. தடியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கடைசியில் மாப்பிள்ளையின் பாட்டி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு என்னைவிட இருபது வயது கூட இருக்கும்.

ஆகவே சொல்கிறேன். பிடி அரைவட்டமாக வளைந்த தடியாக எடுங்கள், முழங்கையில் மாட்டிக்கொண்டால் ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கிளாஸ் பிடிக்கலாம். கைப்பிடி குறுக்காக நீளும் டெர்பி வகை கையில் அவ்வளவு உறுதியாகத் தங்காது. உயரம் பார்க்கும்போது அன்றைக்குப் போடப்போகும் ஷூவையே போட்டு, கையைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும், பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். வீட்டுச் செருப்பில் அளந்துவிட்டு அப்புறம் குதிகால் வைத்த ஷூ போட்டால் தடி குட்டையாகிவிடும். வெட்டுவதாக இருந்தால் அரை அரை அங்குலமாக வெட்டுங்கள், வெட்டினது ஒட்டாது. அடியில் பித்தளைப் பூண் அழகுதான், ஆனால் ஹோட்டல் பளிங்குத் தரையில் வழுக்கும், ஒரு ரப்பர் பூணைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எந்தக் காலில் வலியோ அதற்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், நம் ஆட்கள் பத்துக்கு எட்டுப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். வெள்ளி வளையம் வைத்தால் ஸ்போரன் பட்டியும் வெள்ளி நிறமாக இருக்கட்டும். முறுக்கு முறுக்காக வளர்ந்த தடியைப் பார்த்து மயங்கவே மயங்காதீர்கள். ஹாரி லாடர் என்று ஒரு மேடைப் பாடகர், 1950இல் இறந்தார், கில்ட்டும் கோணல் தடியுமாக உலகம் முழுக்கச் சிரிக்க வைத்தவர். சுருண்டு வளரும் ஒரு ஹேசல் வகைக்கே ஹாரி லாடர் கைத்தடி என்றுதான் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பாடச் சொல்வார்கள்.

தொரட்டி

மேலே உள்ளவர் பாட்டியைப் பற்றி நாலு வரி, மிச்சமெல்லாம் பாடம். போகட்டும்.

அப்பா எழுபத்தாறு வயதில் முதல் தடவை இங்கே வந்தார். சிவகங்கைப் பக்கம் காலம் முழுக்க ஆடு மேய்த்தவர். என் கணவர் இந்த ஊர்க்காரர், இடுப்பில் கோளாறு. அவருடைய தம்பிக்கு ஜூலையில் தோட்டத்தில் கல்யாணம், பகல் முகூர்த்தம்! டுவீட் கோட்டோடு எடுக்க குரோமக் செய்துகொள்ள பிளாக் ஐல் பக்கம் ஒருவரிடம் போனோம். தனியாக வீட்டில் ஏன் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பட்டறை விட்டத்தில் ஹேசல் கம்புகள் கட்டுக்கட்டாகத் தொங்கின. சாறு கீழே இறங்கியிருக்கும் குளிர்காலத்தில் வெட்டி, ஒரு வருடத்துக்கு மேல் காயவிடுவாராம். நான் மொழிபெயர்த்ததும் அப்பா தலையாட்டினார். "நாமளும் மூங்கிலைத் தேய்பிறையிலதான் வெட்டுவோம்னு சொல்லு." சொன்னேன். தேய்பிறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்க, நான் இரண்டு பக்கமும் முழித்தேன்.

செய்து முடித்த ஒரு குரோமக்கை அப்பா கையில் எடுத்தார். "அட, தொரட்டி! இரும்புக்குப் பதிலா கொம்புல பண்ணிருக்கான்." தொரட்டி கொப்பை இழுத்து ஆட்டுக்குத் தழை கொடுக்க, இது ஆட்டையே கழுத்தில் மாட்டி இழுக்க. அந்த வித்தியாசத்தை இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார்கள்.

எங்களுக்கான கொம்பு சூட்டில் இளகிக்கொண்டிருந்தது. கருமுகச் செம்மறிக் கடாவின் கொம்பு, முடி பொசுங்கின வாடை. பிடிகருவியில் இரும்பு வட்டத்தைச் சுற்றி அதை இறுக்கி வளைத்தார், கொஞ்சம் கொஞ்சமாக. வளைவின் வாய்க்குள் தன் நாலு விரலைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தார். அதுதான் அளவாம். குறைந்தால் கழுத்து நுழையாது, கூடினால் தலை உருவிக்கொள்ளும். அப்பா கேட்காமலேயே தன் கையை நீட்டித் தன் நாலு விரலை உள்ளே விட்டார். தடித்த விரல், நகமெல்லாம் வெடித்திருக்கும். இறுக்கமாக இருந்தது. அந்த மனிதர் அப்பாவின் விரல்களைப் பார்த்துவிட்டு, மறுபடி சூடு காட்டி வாயை ஒரு நூல் அகட்டினார். அதன் பிறகு அப்பா முடிந்திருந்த பழைய குரோமக்கை எடுத்து, சட்டென்று என் கணவரின் கழுத்தில் மாட்டி ஒரு எட்டு முன்னால் இழுத்தார். மருமகனிடம் ஒழுங்காக ரெண்டு வார்த்தை பேசியறியாத மனிதர்.

கிளம்பும்போது விலை கேட்டார். ரூபாயில் சொன்னேன். "அந்தக் காசுக்கு ரெண்டு கிடா புடிக்கலாம்" என்று இடத்திலேயே வைத்துவிட்டார். வாங்கித் தந்திருக்கலாம். பணம் இருந்தது. விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று ஒரு நொடி யோசித்தேன், அதற்குள் அவர் கார் பக்கம் போய்விட்டார்.

அடையாறு

விமானம் என்றதும் நினைவு வந்தது. ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது மான் கொம்புப் பிடி வைத்த தடியோடு இறங்கினேன். சுங்க அதிகாரி அதைக் கையிலிருந்து வாங்கி, "சார், இது நிஜக் கொம்பா?" என்றார். பெருமையாக ஆமாம் என்றேன். அங்கே தொடங்கியது. செம்மான் ஒவ்வொரு வசந்தத்திலும் கொம்பைத் தானாக உதிர்க்கும், மலையில் பொறுக்கினது, யாரும் சுடவில்லை என்று நான் விளக்க விளக்க அவர் முகம் மாறவில்லை. அவர் மேல் குற்றமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு மான் கொம்பைப் பார்க்கிறவர். தடி போயிற்று. நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் மரப் பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருங்கல் ஊர்

பாடம் என்றாலும் பயனுள்ள பாடம்தானே. இன்னொன்று விட்டுப்போயிற்று: ஜூன் மாதம் எடின்பரோ பக்கம் இங்கிலிஸ்டனில் ராயல் ஹைலேண்ட் ஷோ என்கிற விவசாயக் கண்காட்சி நடக்கும்போது கைத்தடிப் போட்டி பாருங்கள். வாங்கும் முன் கண் பழகும்.

நெஸ்கரை

எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்று எனக்கே சொல்கிறீர்கள், நான் தினம் நாலு பேருக்குச் சொல்வது அது. மணி விஷயம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் ஒரு ஒல்லித் தடி வாங்கினேன், வளைந்த பிடி, வெள்ளி வளையம். அந்தக் கிழவரை அதற்கப்புறம் எந்த விருந்திலும் காணவில்லை. குரோமக் வாசல் மூலையில் குடைகளோடு நிற்கிறது.

தொரட்டி, அந்த பிளாக் ஐல்காரர் இப்போதும் செய்கிறாரா? இதன் வாயில் என் விரல் மூன்றுதான் போகிறது. உங்கள் அளவுக்கு அகட்டித் தருவாரா?

தொரட்டி

செய்கிறார். அப்பா அளவு வேண்டாம் டாக்டர், உங்கள் விரலுக்கு ஆடு உருவிக்கொண்டு போய்விடும்.