எட்ஜ் ஹைலைட் மெல்லிசா வர வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வார்ஹேமர் 40,000ங்கற மேசைப் போர் விளையாட்டுல வர்ற ஸ்பேஸ் மரீன் வீரர்களோட மினியேச்சர்களுக்கு (குட்டிப் பொம்மைகளுக்கு) பெயிண்ட் அடிக்கப் பழகிட்டு இருக்கேன். அல்ட்ராமரீன்ஸ் படை, அதனால கவசம் முழுக்க நீலம். பிரைமர் (அடிப்பூச்சு), தண்ணி கலந்து மெல்லிசா ரெண்டு கோட், பள்ளங்கள்ல வாஷ் (நிழலுக்கான நீர்த்த பெயிண்ட்), இதெல்லாம் நல்லாவே வருது. முழங்கால் இடுக்குல வாஷ் தானா இறங்கி நிழலா உட்காரும்போது அவ்வளவு அழகு!

சிக்கல் எட்ஜ் ஹைலைட்லதான். தோள் கவசத்தோட விளிம்புல வெளிர்நீலம் மயிரிழையா ஓடணும். பிரஷ்ஷோட பக்கவாட்டை விளிம்புல வச்சுத்தான் இழுக்கறேன். ஃபேனைக்கூட நிறுத்திடறேன். ஆனாலும் பாதி வழியிலேயே அக்ரிலிக் பெயிண்ட் பிரஷ் நுனியில காய்ஞ்சு, கோடு தடிச்சுடுது.

இதுக்கு ரொம்பப் பொடியான 000 பிரஷ் எடுக்கறதைவிட, கூர் நுனியுள்ள 1ஆம் நம்பரே மேல்னு நினைக்கறேன்; பெயிண்ட் கூடுதலா பிடிக்குமே. சரியா? டப்பாவுல ஈர ஸ்பாஞ்சும் பேக்கிங் பேப்பரும் வச்சு வெட் பேலட் (பெயிண்ட் காயாம வச்சுக்கற ஈரத் தட்டு) செஞ்சவங்க இருக்கீங்களா? பெயிண்ட் காயறதைத் தாமதப்படுத்தற ரிடார்டர் எவ்வளவு கலக்கலாம்? நீங்க அடிச்ச தோள் கவசத்தைக் கிட்டத்துல படம் எடுத்துப் போட்டா பெரிய உதவியா இருக்கும்.