கேனரி பாடுவதில்லை, ராத்திரியில் 'டிக் டிக்' சத்தம். உதவி தேவை

கூண்டு_புதுசு: ஆண் கேனரி, ஒன்றரை வயது, எடை 20 கிராம். மூன்று வாரமாகப் பாட்டு நின்றுவிட்டது. விளக்கை அணைத்தபின் மூச்சோடு சேர்ந்து 'டிக்... டிக்' என்று கேட்கிறது. அடிக்கடி அலகைக் கம்பியில் தேய்க்கிறது. தினை நன்றாகவே சாப்பிடுகிறது. சளி என்று கடையில் கொடுத்த டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலந்து 5 நாள் வைத்தும் மாற்றமில்லை. பக்கத்துக் கூண்டில் இரண்டு கூல்டியன் பிஞ்ச் (சின்ன வண்ணக் குருவி) இருக்கின்றன.

தினைக்கதிர்: இறகு உதிர்கிறதா? உதிரும் காலத்தில் ஆண் கேனரி பாடாது, அது நோயில்லை. ஆனால் அப்போது மூச்சில் சத்தம் வராது. உட்கார்ந்திருக்கும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, வாய் திறந்திருக்கிறதா, எச்சம் எப்படி இருக்கிறது? அதோடு கண்ணோரம், அலகோரம், காலில் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூண்டு_புதுசு: இறகு உதிரவில்லை. பறந்துவிட்டு உட்கார்ந்தால் வால் ஆடுகிறது. பொருக்கு இல்லை, எச்சம் சரியாக இருக்கிறது.

அலகும்_இறகும்: காற்றுப்பை மைட் (ஸ்டெர்னோஸ்டோமா) மாதிரித்தான் தெரிகிறது. மூச்சுக்குழாயிலும் நுரையீரலோடு இணைந்த காற்றுப்பையிலும் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும் பூச்சி. கூல்டியனுக்கும் கேனரிக்கும் அதிகம் வரும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, இதைத் தொடாது.

இருட்டறையில் ஒரு சோதனை செய்யலாம். கழுத்து இறகைப் பஞ்சால் ஈரமாக்கி ஒதுக்கி, கழுத்தை மெல்ல நீட்டி, பின்னாலிருந்து பென் டார்ச் அடியுங்கள். மூச்சுக்குழாயில் மிளகுத்தூள் சிதறியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் உறுதி. தெரியாவிட்டால் 'இல்லை' என்று அர்த்தமில்லை, கீழே காற்றுப்பையில் இருக்கலாம். அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காதீர்கள். மார்பை அழுத்தினால் பறவையால் மூச்சே விட முடியாது. வாய் பிளந்தால் உடனே விட்டுவிடுங்கள்.

கூண்டு_புதுசு: நான்கைந்து புள்ளி தெரிகிறது! ஒட்டுண்ணி சாக மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து கிடைக்கிறது. ஒரு சொட்டு விடலாமா?

அலகும்_இறகும்: நேரடியாக வேண்டவே வேண்டாம். அது 1%, அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி, அதில் 500 மைக்ரோகிராம். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 20 கிராம் பறவைக்கு 4 மைக்ரோகிராம்தான். நூறு மடங்குக்கு மேல் போய்விடும்.

0.2 மில்லி மருந்தோடு 9.8 மில்லி புரோப்பிலீன் கிளைக்கால் (மருந்தைக் கரைக்கும் திரவம்) சேர்த்தால் 0.02% ஆகும். அதில் 0.02 மில்லி போதும். பறவை பார்க்கும் டாக்டரிடம் எடையைச் சொல்லி அவரையே கலந்து தரச் சொல்வது நல்லது. தண்ணீரில் கலக்காதீர்கள், ஐவர்மெக்டின் அதில் கரையாது, ஒரு பறவைக்கு ஒன்றுமில்லாமலும் இன்னொன்றுக்கு விஷமாகவும் போகும்.

வலது பக்கக் கழுத்தில் இறகில்லாத தோல் பட்டை இருக்கும். இறகை ஊதி விலக்கி அங்கே வையுங்கள். இறகில் பட்டால் வீண்.

தினைக்கதிர்: சிரிஞ்சில்தான் பலர் தவறுகிறார்கள். 0.02 மில்லி என்பது யூ-100 (மில்லிக்கு 100 யூனிட்) இன்சுலின் சிரிஞ்சில் 2 யூனிட். நம் கடைகளில் யூ-40 (மில்லிக்கு 40 யூனிட்) சிரிஞ்சும் கிடைக்கும், அதில் 2 யூனிட் என்றால் 0.05 மில்லி. குழாயில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள். பறவைக்கென்றே விற்கும் சொட்டு மருந்து வாங்கினால் இந்தக் கணக்கு பொருந்தாது, லேபிளில் உள்ள அளவுதான்.

கூண்டு_புதுசு: டாக்டர் கலந்து கொடுத்து, இன்று காலை வைத்தாயிற்று. கூல்டியனில் சத்தமே இல்லையே, அவற்றுக்கும் வேண்டுமா? கூண்டுக்கு ஸ்பிரே அடிக்கவா?

அலகும்_இறகும்: கூல்டியனுக்கும் வேண்டும், அதனதன் எடைக்குத் தனிக் கணக்கு போட்டு. சத்தம் வராமலே மைட்டைச் சுமக்கும். 14 நாள் இடைவெளியில் மொத்தம் மூன்று முறை. முதல் தடவையோடு சத்தம் நின்றாலும் நிறுத்தாதீர்கள்.

ஸ்பிரே வேண்டாம், இந்தப் பூச்சி வாழ்வது பறவைக்குள். கம்பி இடுக்கில் ஒளிந்து ராத்திரி ஏறும் சிவப்பு மைட் வேறு ஜாதி, கூண்டைச் சுத்தம் செய்வது அதற்குத்தான். இதற்குத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவினால் போதும். பெற்ற பறவை ஊட்டும்போது குஞ்சுக்குப் போகும், அதனால் மூன்று தவணையும் முடியும்வரை ஜோடி சேர்க்காதீர்கள்.

தினைக்கதிர்: அடுத்த இரண்டு மூன்று நாள் மூச்சு கொஞ்சம் மோசமாகலாம், செத்த பூச்சி குழாயை அடைக்கும். கூண்டின் ஒரு பக்கம் மட்டும் பல்பு வைத்து 28–30 டிகிரி வருகிறதா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால் தானே நகர்ந்துகொள்ளும். அந்த அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் கூடாது. கொசுவுக்கு வலைதான் கட்ட வேண்டும். கேனரி அம்மையைக் கொசு பரப்பும், அதற்கு நேரடி மருந்து கிடையாது.

கூண்டு_புதுசு: ஆறாம் நாள். டிக் சத்தம் குறைந்திருக்கிறது, பாட்டு இன்னும் வரவில்லை.

அலகும்_இறகும்: குழாயில் புண் ஆறினால்தான் குரல் வரும். சிலவற்றுக்குப் பழைய குரல் திரும்புவதில்லை. 14-ஆம் நாள் மறுபடி எடை போட்டுவிட்டு இரண்டாவது தவணை வையுங்கள். எடை குறைந்திருந்தால், அல்லது எச்சத்தில் முழுத் தினை வந்தால், மைட்டோடு இரைப்பைப் பூஞ்சையும் இருக்கலாம். எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.